இரண்டாவது கையெழுத்து

அப்பா இறந்தபின் மிச்சமிருந்த மாத்திரை அட்டைகளைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில்தான் அக்காவுக்குச் சேதி கிடைத்தது. “உயில் எழுதினாரேம்மா, நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். இன்னொரு சாட்சி வேணும், மாடில கேக்கறேன்னு போனாரு,” என்றாராம் மருந்துக்கடைக்காரர்.

அதற்குள் நாங்கள் மூவரும் அப்பாவின் பீரோவைத் தலைகீழாகப் புரட்டியிருந்தோம். பதிவு அலுவலகத்திலும் கேட்டாகிவிட்டது. அண்ணன் கெட்டவன் இல்லை. “அப்பா வீட்டை அவளுக்குன்னு எழுதியிருந்தா நான் வாயே திறக்க மாட்டேன். இல்லேன்னா வித்து மூணாப் பிரிச்சுக்கலாம்,” என்று முதல் நாளே சொல்லிவிட்டான். கடைசிவரை அப்பாவைப் பார்த்துக்கொண்ட அக்காவுக்கு அந்த வீட்டை விட்டால் போக்கிடம் இல்லை. என் பங்கை அவளுக்கே கொடுத்தாலும், மூன்றில் இரண்டு பங்கு வீட்டில் எப்படிக் குடியிருப்பது?

மாடி வீடு மாடி மாமாவுடையது. அவரும் அப்பாவும் எலியும் பூனையும். மோட்டார் எங்கள் வீட்டில், தொட்டி அவர் தலைக்கு மேல். தொட்டி நிறைந்ததும் அவர் “நிறைஞ்சிருச்சு” என்று கத்துவார். அப்பா “காது கேக்குது” என்று பதிலுக்குக் கத்திவிட்டு, வேண்டுமென்றே கொஞ்சம் வழியவிட்டுத்தான் நிறுத்துவார். பல வருடங்களாக இருவருக்கும் பேச்சுவார்த்தை என்று இருந்தது இவ்வளவுதான். அந்த மனுஷரிடம் போய் அப்பா கையெழுத்துக் கேட்டார் என்பதையே எங்களால் நம்ப முடியவில்லை.

மாடிக்குப் போன எங்களை மாமா உட்காரச் சொல்லிவிட்டு, தான் நின்றுகொண்டார்.

“வந்தான். நான் போடலை.”

“ஏன் மாமா?” என்றான் அண்ணன்.

“வீடு பொண்ணுக்குன்னு எழுதியிருந்தான். நியாயந்தான். ஆனா அவன் மூஞ்சியப் பார்த்தேன். எல்லாத்தையும் முடிச்சுட்டுக் கெளம்பறவன் மாதிரி இருந்தான். இதுலயும் கையெழுத்துப் போட்டுட்டா நிம்மதியாப் போய்ச் சேர்ந்துடுவான்னு தோணிச்சு. பத்து வருஷம் கழிச்சு வாடா, போடறேன்னேன்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “கோவத்துல இங்கயே கிழிச்சுப் போட்டுட்டுப் போனான். மறுநாளும் தண்ணிய வழியவிட்டான்.”

எனக்கு அவர் கழுத்தை நெரிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. அக்காதான் எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க போட்டிருந்தாலும் போடாட்டியும் அவர் போயிருப்பாரு மாமா. மனசுல வச்சுக்காதீங்க.” வீட்டை இழந்தது அவள்தான்.

மாமா முகம் கழுவக் குழாயைத் திறந்தார். தண்ணீர் வரவில்லை. கீழே போகப் போன அக்காவை அண்ணன் தடுத்தான். “நீ இரு, நான் போடறேன்.”

கீழே போனவன் அங்கிருந்து குரல் கொடுத்தான். “சுவிட்ச் எங்க காணோம்?”

“அப்பா கட்டில் தலைமாட்டுல பாரு. அவர் படுக்கையில விழுந்தப்புறம் அங்க மாத்திட்டோம்,” என்றாள் அக்கா.

அப்பாவின் கட்டில் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. பிறகு மோட்டார் ஓடியது. நாற்காலியில் அண்ணன் விட்டுப்போன போனில் வீட்டுத் தரகரின் பெயர் வந்து அடித்தது; “தரகர் கூப்பிடறார்” என்று கத்தினேன், “அடிச்சு ஓயட்டும், விடு” என்றான் கீழேயிருந்து.

தொட்டி நிறையும் சத்தம் கேட்டதும் மாமா பழக்கத்தில் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றார். “நிறைஞ்சிருச்சு” என்றார். குரல் எழும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு முறை கத்தினார்.

“காது கேக்குது,” என்றது கீழேயிருந்து அப்பாவின் குரல். அண்ணனுக்கு அப்படியே அதே தொண்டை.

மோட்டார் நிற்கவில்லை. தொட்டியிலிருந்து வழிந்த தண்ணீர் சுவரை நனைத்துக்கொண்டு இறங்கியது. மாமா அதைத் திட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.