வெட்டிய மூச்சு

மூச்சை வெட்டுவது என் வேலை. ஒலிப்பதிவு நிலையத்தில் யாராவது பாடப் புத்தகத்தையோ லிஃப்ட் அறிவிப்பையோ படித்துவிட்டுப் போவார்கள். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு வரிகளுக்கு நடுவே அவர்கள் இழுத்த மூச்சு, விழுங்கிய எச்சில், நாற்காலியின் கிறீச்சு எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன். படிக்கிற ஆள் உயிரோடு இருப்பது கேட்பவர்களுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான்.

பதினொரு வருடங்களில் நான் அதிகம் வெட்டியது என் அண்ணனுடைய மூச்சைத்தான். அருமையான குரல், ஆனால் கனத்த உடம்பு. ஒவ்வொரு வரிக்கும் இரைப்பார். "பஸ்ஸைப் பிடிக்க ஓடி வந்தீங்களா? மெதுவா இழுங்கண்ணா" என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து மைக்கில் கத்துவேன். "மூச்சு விட்டாலும் குத்தமா, கத்திரி?" என்பார். கத்திரி நான்தான். அவர் வைத்த பெயர் ஆபீஸ் முழுக்க ஒட்டிக்கொண்டது.

வெட்டியதை நான் அழிப்பதில்லை. வெட்டிய இடம் சில சமயம் குழி விழுந்த மாதிரி கேட்கும். அங்கே அதே ஆளுடைய இன்னொரு சின்ன மூச்சை ஒட்டினால்தான் சரியாகும். அதற்காகவே கம்ப்யூட்டரில் 'குப்பை' என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் ஆளுக்கொரு ஃபோல்டர். அண்ணனுடையது ஒரு மணி நாற்பது நிமிடம்.

அண்ணன் போய் நான்கு மாதம் ஆகிறது. நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதி வழியிலேயே முடிந்துவிட்டது. நான் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன், நான்காம் நாள் வேலைக்குப் போனேன். கல்நெஞ்சுக்காரி என்று பெரியம்மா என் காதுபடவே சொன்னார். இருக்கலாம். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அப்படித்தான் இருந்தேன்.

அண்ணி ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அவர் குரல் வேண்டும். நான் முடித்து வைத்திருந்த பதிவுகளில் நல்லதாகப் பார்த்து ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். மறுநாளே திருப்பிக் கொண்டுவந்தார்.

"இது அவர் இல்ல. குரலுக்கு இஸ்திரி போட்டு வெச்ச மாதிரி இருக்கு. வீட்ல பேசுற மாதிரி ஒண்ணும் இல்லையா?"

"இல்ல அண்ணி" என்றேன்.

பச்சைப் பொய். குப்பையைக் காட்டப் பயந்தேன். அதில் கடைசி நாள் பதிவின் ஒரு மூச்சு இருக்கிறது. வரி படிக்க இழுத்ததல்ல. தாளைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, ஏதோ சொல்ல இழுத்தார். "நேரமாச்சுண்ணா, அடுத்த வரி" என்றேன். சொல்லாமலே விட்டுவிட்டார். மறுநாள் காலையில் ஆள் இல்லை. நெஞ்சு வலிக்கிறது என்று சொல்ல வந்தாரா? இந்த ஒரு கேள்வியை என்னால் வெட்டி எறிய முடியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் 'ம்' மேடம் எங்கள் நிலையத்தை வாடகைக்கு எடுத்தார். மனிதக் குரலை மட்டும் வைத்துக் கலைக்கூடங்களில் காட்சி வைப்பவர். தெருவில் போகிறவர் வருகிறவரை எல்லாம் கூட்டிவந்து மைக் முன்னால் நிறுத்தி, 'ம்' என்று மட்டும் சொல்லச் சொல்வார். தபால்காரரின் 'ம்', பரீட்சையில் தோற்ற பெண்ணின் 'ம்'. இதெல்லாம் ஒரு கலையா என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

"வார்த்தை வந்ததும் எல்லாரும் வேஷம் போட்டுடுறாங்க. அதுக்கு முன்னாடி இருக்கிற குரல்தான் எனக்கு வேணும்" என்றார். ஒரு நாள் என் திரையில் 'குப்பை' அவர் கண்ணில் பட்டது. ஒன்றிரண்டைக் கேட்டவர், அண்ணனுடையது முழுவதும் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"அண்ணி சரின்னா சரி" என்று தட்டிக் கழித்தேன். அவர் நேரே அண்ணியிடமே போய்விட்டார். என் பொய் அப்படித்தான் வெளுத்தது. அண்ணி போனில் திட்டவில்லை. "எங்க வரணும்?" என்று மட்டும் கேட்டார்.

மதியம் மூன்று மணி. கலைக்கூடத்தில் வெள்ளைச் சுவர்களோடு ஒரு அறை, நடுவில் ஒரு நாற்காலி, சுற்றிலும் ஆள் உயரத்துக்கு எட்டு ஸ்பீக்கர். லேப்டாப்பை என்னிடம் கொடுத்துவிட்டு 'ம்' மேடம் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார். பட்டனை அழுத்தினேன். அண்ணன் எட்டுப் பக்கத்திலிருந்தும் மூச்சு விட ஆரம்பித்தார்.

அண்ணி கண்ணை மூடவில்லை. ஸ்பீக்கரைப் பார்த்தே பேசினார். "இது படி ஏறி வர்றது." சற்றுப் பொறுத்து, "இது சிரிப்பை அடக்குறது." பிறகு, "பாரு, பொய் சொல்லப் போறாரு." அடுப்படியில் நின்றபடி பதில் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என் விரல் மட்டும் பழக்கதோஷத்தில் வெட்டுகிற பட்டனுக்கே போய்க்கொண்டிருந்தது.

கடைசி மூச்சு நெருங்கியது. ஓசைப்படாமல் தாண்டிவிடலாம். சொன்ன பொய்யே போதும் என்று கையை எடுத்துக்கொண்டேன்.

இழுத்தார். நின்றது. விட்டார்.

"இது யார்கிட்ட?" என்றார் அண்ணி.

"என்கிட்ட. கடைசி நாள். என்னமோ சொல்ல வந்தாரு, நான் விடல அண்ணி. அடுத்த வரின்னுட்டேன்."

"இன்னொரு தடவ போடு."

போட்டேன்.

"வலிச்சா இப்படி இழுக்க மாட்டாரு. இது சாப்பிட்டியான்னு கேக்குற மூச்சு. இருபது வருஷம் கேட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அண்ணிக்குப் பொய் சொல்லவே வராது என்பார் அண்ணன். நன்றாகவே வரும் என்று எனக்குத் தெரியும். முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

மூன்றாம் தடவை நானாகவே போட்டேன். இழுத்தார். நின்ற அந்த இடத்தில், "இன்னும் இல்லண்ணா" என்றேன். பாதியிலேயே குரல் உடைந்தது. மூக்கை உறிஞ்சினேன், மூச்சு இரைத்தது, மறுபடி ஆரம்பித்தேன். வேறு யாராவது இப்படிப் பேசியிருந்தால் துளி மிஞ்சாமல் வெட்டியிருப்பேன்.