கம்பிவடத்தில் கட்டிய ஆடு

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு உட்துறைமுக வீதியில், ஜெமீலின் போட்டோக்கொப்பிக் கடையில் கூடியவர்கள் ஐந்து பேர். வாசலோரம், கைபிடி வைத்த ஒரே கதிரையில், வல்லிபுரம். வெற்றிலையை வெளியே துப்ப வசதி வேண்டும் என்பதால் அந்த இடம் அவருக்கென்று எழுதாத சட்டம். மேசைக்குப் பின்னால், கடதாசிப் பெட்டி ஒன்றின்மேல், கடைக்காரர் ஜெமீல். மேசைக்கு மேலேயே, தொலைபேசி றீலோட் அட்டைகளை ஒதுக்கிவிட்டுக் காலைத் தொங்கப்போட்டபடி அவருடைய மகள் மின்ஹா, வயது பன்னிரண்டு. 'இயந்திரத்தில் சாயக்கூடாது' என்று ஒட்டியிருந்த அறிவித்தலிலேயே முதுகைச் சாய்த்துக்கொண்டு டிலக்சன். மின்விசிறிக்கு நேர் கீழே முக்காலியில், மடியில் ஒரு கொப்பியும் காலடியில் ஒரு பைலுமாக அனுஷியா.

டிலக்சனின் கையில் புத்தகம் இருந்தது. 'தும்மல் பூதம்', ஒன்பதாம் பாகம்.

கல்லுப்பாடு என்றொரு துறைமுகம். அங்கே கைவிட்ட எண்ணெய்த் தாங்கி ஒன்றுக்குள் ஒரு பூதம். அது தும்மினால் பக்கத்தில் இருப்பது வேறொன்றாகிவிடும். முதலாம் பாகத்தில் சுங்க அதிகாரியின் குடை கொக்காக மாறியது. மாறிய பிறகும் மழை பெய்தால் அது தன்பாட்டில் விரிந்தது. பூதத்துக்கு மந்திரி ஒரு கிடாய் ஆடு. எந்தச் சபையிலும் ஆட்சேபம் சொல்வது, சாப்பாடு எப்போது என்று கேட்பது, இவை இரண்டும்தான் ஆட்டு மந்திரியாரின் கடமைகள்.

எழுதியது சிறுவர்களுக்கு. ஆனால் இந்த வாசகர் வட்டத்தில் சிறுவர் என்று சொல்ல மின்ஹா ஒருத்திதான். வல்லிபுரம், கரைக்கு வரும் கப்பல்களின் வடத்தை வாங்கி இறுக்கிக் கட்டும் வேலையில் முப்பது வருடம் பழுத்தவர். டிலக்சனுக்குச் சீனன்குடா விமானத்தளத்துக் குசினியில் வேலை. அனுஷியா ஒரு நொத்தாரிசிடம் காணி உறுதிப் பத்திரங்களைச் சரிபார்ப்பவள். கிழமையில் ஐந்து நாளும் ஒரு பேர்ச் நிலத்துக்காக முகம் பாராமல் நிற்கும் சகோதரர்களுக்கு நடுவில் இருந்து வடக்கெல்லை, கிழக்கெல்லை என்று விரல் வைத்து வாசிப்பாள். சிரிக்கும்போது அவளுக்கு மூக்கால் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை வெட்கமில்லாமல் விட அவளுக்கு இருந்த ஒரே இடம் இந்தக் கடை.

வட்டத்துக்கு இரண்டு கொப்பிகள் உண்டு. ஒருவர் மாறி ஒருவர் உரக்க வாசிக்க, பிழைக் கொப்பியை அனுஷியா எழுதுவாள். சிரிப்புக் கொப்பி மின்ஹாவிடம். ஐந்து பேரும் ஒன்றாகச் சிரித்தால் ஒரு கோடு. நாலு பேர் உருண்டு புரண்டாலும் வல்லிபுரத்தின் பல் தெரியாவிட்டால் கோடு கிடையாது. புத்தகம் முடிந்ததும் பிழைகளை இலக்கமிட்டு, ஈச்சிலம்பற்றில் இருக்கும் ஆசிரியை பத்மாசனிக்கு அனுஷியா கடிதம் போடுவாள். பதில் வராது. அடுத்த வருடம் அடுத்த பாகம் வரும்.

நேரில் போய்ப் பார்க்கலாமே என்றால், ஜெமீல் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் போனவர்தான். யன்னலால் ஓர் அம்மா எட்டிப் பார்த்து, "பத்மாசனி வீட்டில இல்லை" என்றாராம். "அவதான் பத்மாசனி," என்று ஜெமீல் இன்றைக்கும் சத்தியம் பண்ணுவார். "விரலெல்லாம் மை."

எட்டாம் பாகத்துக்கு அனுஷியா அனுப்பிய பட்டியலில் அறுபத்தொரு பிழைகள். ஒன்பதாம் பாகத்தின் முன்னுரையை முதல் சனிக்கிழமை அவளே வாசித்தாள். வாசித்துக்கொண்டு போகையில் குரல் இறங்கிவிட்டது.

'சென்ற பாகத்தில் திருகோணமலை வாசகர்கள் அறுபத்தொரு பிழைகளைக் காட்டினார்கள். அத்தனையும் சரி. எனவே இந்தப் பாகத்தைப் பதினொரு தடவை வாசித்துத் திருத்தியிருக்கிறேன். இதிலும் ஒரு பிழை அகப்பட்டால், இது எனக்கு ஏலாத வேலை என்று பேனையை மூடிவிடுவேன்.'

அன்றிலிருந்து அனுஷியா ஒரே ஒரு வேண்டுதலோடுதான் வாசிப்புக்கு வந்தாள்: பிழை ஒன்றும் அகப்படக்கூடாது.

அகப்படவும் இல்லை. பத்து அத்தியாயம் முடிந்தும் பிழைக் கொப்பி வெள்ளையாகவே கிடந்தது. சங்கடம் என்னவென்றால், சிரிப்புக் கொப்பியும் அப்படியே கிடந்தது. தூரங்கள் கிலோமீற்றரில் இருந்தன. கிழமைகள் ஒழுங்காக வந்தன. பூதம் இரண்டே தரம் தும்மியது. இரண்டு தரமும் லேஞ்சியை எடுத்து மூக்கை மூடிக்கொண்டு.

"தும்முறதுக்கு முன்னுக்கு நோட்டீஸ் ஒட்டுது," என்றார் ஜெமீல். "இப்படி ஒரு பூதம் எந்த ஊர்ல இரிக்கு?"

"பூதத்துக்கு லீவு குடுத்திட்டு, கிளாக்கர் ஒருத்தரை வைச்சு எழுதுவிச்ச மாதிரிக் கிடக்கு," என்றார் வல்லிபுரம்.

அனுஷியா பிழைக் கொப்பியை மடியில் கவிழ்த்தாள். அந்தக் கிளாக்கர் யார் என்று அவளுக்குத் தெரியும்.

டிலக்சன் பதினோராம் அத்தியாயத்தைத் தொடங்கினான். கடலடி அரசவை. சுறா ராசா தீர்ப்புச் சொல்கிறார்: பூதத்தின் மூக்கை ஏலத்தில் விடுவது. சபை நடுங்குகிறது. 'எவருக்கேனும் ஆட்சேபம் உண்டா?' என்று ராசா கேட்கிறார். டிலக்சன் தொண்டையைச் செருமி, ஆட்டுக் குரலை எடுத்தான்.

"'உண்டு,' என்றார் ஆட்டு மந்திரியார். 'ஆட்சேபம். இன்னும் சாப்பாடு வரவில்லை.'"

முதலில் வெடித்தது வல்லிபுரம். வாயில் இருந்த வெற்றிலைச் சாறு இயந்திரம் வரைக்கும் தெறித்தது. அதைக் கண்டு ஜெமீல் பெட்டியோடு சரிந்தார். டிலக்சனுக்கு அடுத்த வரி வரவில்லை. அனுஷியாவின் மூக்குச் சத்தத்தில், வாசலில் கழிவுக் கடதாசி தின்ன வந்து நின்ற, ஊருக்குள் திரியும் மான் ஒன்று திடுக்கிட்டு வீதிக்கு ஓடியது.

"ஒண்டு!" என்று மின்ஹா கோட்டை இழுத்தாள். "வாப்பா, முதல் கோடு!"

அனுஷியா கண்ணைத் துடைத்தாள். துடைத்த கை அப்படியே நின்றது.

"டிலக்சன், நாலாம் அத்தியாயத்தை ஒருக்கா எடும். முப்பத்தெட்டாம் பக்கம்."

அவன் எடுத்தான். பூதம் கடலுக்குள் இறங்குமுன் ஆட்டு மந்திரியாரை வெளிச்சவீட்டில் கட்டி வைக்கிறது. இரும்புக் கம்பிவடம். ஏழு சுற்று. 'இனி அவர் இக்கதை முடியும் வரைக்கும் இங்கேதான் இருப்பார்' என்று ஒரு வரி வேறு.



"அப்ப, கடலுக்கு அடியில கதைச்சது ஆர்?" என்றாள் மின்ஹா.

"பிழை," என்றாள் அனுஷியா. சொன்ன பிறகுதான் அந்தச் சொல்லின் பாரம் அவளுக்குத் தெரிந்தது. பேனையை மூட முன்னுரைக்கு ஒரே ஒரு பிழை போதும்.

"அக்கா, ஒரு ஆடு," என்றான் டிலக்சன். "ஒரே ஒரு ஆடு. நீங்கள் காணேல்லை, நான் வாசிக்கேல்லை. முடிஞ்சுது கதை."

"ஆடுதானே, கயிற்றைத் திண்டுட்டு வந்திருக்கும்," என்றார் ஜெமீல்.

"கயிறில்லை நானா, கம்பிவடம்," என்றார் வல்லிபுரம். "நானும் முப்பது வருசமாக் கட்டுறன். ஏழு சுத்துச் சுத்தி இறுக்கின கம்பிவடத்தை ஆடு என்ன, ஆனையும் அவிழ்க்காது."

"ஏன் இந்த மனுசி கம்பிவடத்தைப் போய் எழுதினவ? ஆட்டைக் கட்ட ஆரும் கம்பிவடம் எடுப்பாங்களா?" என்றான் டிலக்சன்.

அனுஷியா பைலைத் திறந்தாள். எட்டாம் பாகத்துக்கான கடிதத்தின் பிரதி மேலேயே இருந்தது. முப்பத்துநாலாம் இலக்கம்: 'ஆட்டு மந்திரியார் தும்புக்கயிற்றால் கட்டப்பட்டுள்ளார். ஆடு கயிற்றைத் தின்னாதது ஏன்?'

"இதைச் சொன்னது ஆர்?" என்று கேட்டாள்.

வல்லிபுரம் வீதியைப் பார்த்தார். "சொன்னது நான்தான். எழுதினது நீர்தானே பிள்ளை."

"பொய் சொல்ல எனக்கு ஏலாது," என்றாள் அனுஷியா. "ஒரு எல்லையை மறைச்சு எழுதின உறுதி பத்து வருசம் கழிச்சு வழக்காத்தான் வரும். இதை மறைச்சிட்டு 'பிழை இல்லை' எண்டு கையெழுத்து வைச்சா, பத்தாம் பாகமும் இப்பிடித்தான் வரும். லேஞ்சி பிடிச்ச பூதத்தோட."

"எழுதினா பத்தாம் பாகமே வராதே அக்கா!" என்றான் டிலக்சன்.

அதுதான் கதை. எழுதினால் தொடர் போச்சு. எழுதாவிட்டால் சிரிப்புப் போச்சு.

அனுஷியாவுக்கு ஒரு பழக்கம்: வழி தெரியாவிட்டால் பைலை முதலாம் தாளிலிருந்து வாசிப்பாள். எட்டுக் கடிதங்களையும் முக்காலியில் இருந்தபடியே வாசித்தாள். 'தங்கள் நூல் கிடைத்தது. பின்வரும் பிழைகள் காணப்பட்டன.' அடுத்ததும் அதே. அதற்கடுத்ததும் அதே. எட்டாவதில் 'தங்கள்' என்ற சொல்கூட இல்லை. 'நூல் கிடைத்தது' என்றே தொடங்கியது. குடை கொக்கான இடத்தில் டிலக்சன் கதிரையால் விழுந்து கையை நோகடித்துக்கொண்டதைப் பற்றி ஒரு வரி? இல்லை. மூன்றாம் பாகத்தை வல்லிபுரம் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டதைப் பற்றி? இல்லை.

"நாங்கள் சிரிச்சதெண்டு அவவுக்கு ஒருநாளும் எழுதேல்லை," என்றாள் மெதுவாக.

"அதை எழுதோணுமா?" என்றார் வல்லிபுரம். "சிரிக்காமலோ அறுபத்தொரு பிழை காணுமட்டும் திருப்பித் திருப்பி வாசிச்சனாங்கள்?"

"அது எங்களுக்குத் தெரியும் அண்ணை. அவவுக்கு எப்பிடித் தெரியும்? எட்டு வருசமா நாங்கள் அவவுக்கு வழக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறம்."

ஜெமீல் எழுந்தார். மகளின் கையிலிருந்து சிரிப்புக் கொப்பியை வாங்கி, இயந்திரத்தின் மூடியைத் தூக்கினார். "தம்பி, முதுகை எடுங்க." ஒன்பது பாகங்களின் கோடுகளும் சூடாக, ஒன்றன்மேல் ஒன்றாக வெளியே வந்து விழுந்தன. எட்டாம் பாகத்துக்கு மட்டும் நூற்று நாற்பது கோடு, மூன்று தாள். ஒன்பதாம் பாகத்தின் தாளில் ஒரே ஒரு கோடு, அதன் பக்கத்தில் மின்ஹாவின் எழுத்தில் 'பக். 97, ஆடு'.

அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்ற அனுஷியா, புத்தகம் முடியுமுன்னரே பேனையைத் திறந்தாள். மற்றவர்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். அவள் எழுத எழுத மின்ஹா உரக்க வாசித்தாள்.

'அன்புள்ள பத்மாசனி அம்மாவுக்கு,

ஒன்பதாம் பாகத்தில் ஒரு பிழை காணப்பட்டது.

1. வெளிச்சவீட்டில் கம்பிவடத்தால் கட்டப்பட்ட ஆட்டு மந்திரியார் 97ஆம் பக்கத்தில் கடலடி அரசவையில் பேசுகிறார். துறைமுகத்தில் வடம் கட்டும் திரு. வல்லிபுரம், அந்தக் கட்டை எந்த ஆடும் அவிழ்க்க முடியாதென்று சான்று கூறுகிறார்.

2. இந்தப் பாகத்தில் இதுவரை நாங்கள் ஐந்து பேரும் ஒன்றாகச் சிரித்தது அந்த இடத்தில் மட்டுமே. அவர் கட்டை அறுத்துக்கொண்டு வந்தது உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறோம். தயவுசெய்து அவரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். எப்படி வந்தார் என்று விளக்கவும் வேண்டாம்.

4. எங்கள் சிரிப்புக் கொப்பியின் பிரதியை இத்துடன் அனுப்புகிறோம். ஒரு கோடு, ஒரு சிரிப்பு. இதை முதற் கடிதத்திலேயே அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பாதது எங்கள் பிழை. எட்டு வருடப் பிழை.'

அனுஷியா நிறுத்தினாள். "முன்னுரைக்கு என்ன பதில் எழுதுறது? அவ சொன்னது சொன்னதுதானே. பேனையை மூடலாம்."

அவளே குனிந்து எழுதினாள். மின்ஹா வாசிக்கத் தொடங்கி, பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள். தாளை டிலக்சன் பறித்து, ஆட்டுக் குரலிலேயே வாசித்தான்.

'நீங்கள் பேனையை மூடப்போவதாக அறிகிறோம். அதற்கு எங்கள் பதில்: ஆட்சேபம். இன்னும் சாப்பாடு வரவில்லை.'

வல்லிபுரத்தின் பல் முழுவதும் தெரிந்தது.

"இதுக்குக் கோடு போடலாமா?" என்று மின்ஹா கேட்டாள்.

"இது புத்தகமில்லையே," என்றார் ஜெமீல். பிறகு, "போடு, போடு," என்றார்.

ஐவரும் கையெழுத்து வைத்தார்கள். தாள்களை மூன்றாக மடித்து உறையில் போடும்போது ஜெமீல் கையை நீட்டித் தடுத்தார். கடிதத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அவர் முகத்தில் எட்டு வருடம் காத்திருந்த ஒரு சந்தோசம் பரவியது.

"தங்கச்சி. ஒண்டு, ரெண்டு... நாலு. மூணு எங்க?"

அனுஷியா எட்டிப் பார்த்தாள். காது வரைக்கும் சூடு ஏறியது. மேசையில் கிடந்த, எழுத்தை மறைக்கும் வெள்ளை மைப் போத்தலை எடுத்து மூடியைத் திருகினாள்.

"விடுங்கோ நானா," என்றாள், மூடியை இறுக்கிக்கொண்டு. "அவவும் எங்களிட்ட ஒண்டு பிடிக்கட்டும்."

உறை தடித்திருந்ததால் முத்திரை இரண்டு ஒட்ட வேண்டியிருந்தது. வல்லிபுரம் உறையின் வாய்க்குப் பசை தடவி, வடம் இறுக்குவதுபோலப் பெருவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்திக்கொண்டு போனார். ஐந்து பேரும் வெளியே வந்தார்கள். வெருண்டோடிய மான் திரும்பி வந்து சந்தியில் நின்றது. உறையைக் கண்டதும் கழுத்தை நீட்டியது.

"இது உனக்கில்லை," என்று மின்ஹா அதைத் தள்ளிவிட்டாள். அனுஷியா தபால் பெட்டியின் வாய்க்குள் கையை மணிக்கட்டு வரைக்கும் விட்டு உறையைப் போட்டாள். அது அடியில் போய் விழுந்த சத்தத்தைக் கேட்ட பிறகுதான் கையை எடுத்தாள்.