ஏழு மணிக்கு வந்த இரைச்சல்

14 மார்ச் 1934, புதன். மாலை ஆறு மணி.

நேற்றைய பக்கத்தில் ஒரு பிழை செய்திருக்கிறேன். "ஒன்பது மணிக்குக் கொயினா மாத்திரை ஒன்று கொடுத்தேன். பிறகு காது இரைகிறது என்றாள்" என்று எழுதியிருக்கிறேன். வரிசை தவறு. என் அக்காள் மஹ்பூபா ராத்தா காது இரைகிறது என்று சொன்னது காலை ஏழு மணிக்கு. நான் குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். மாத்திரை கொடுத்தது அதற்குப் பிறகுதான். மாலையில் நினைவிலிருந்து எழுதியதால் மாறிவிட்டது. காய்ச்சல் தாளிலும் அதே பிழையோடு நகல் எடுத்து வைத்தேன். கண்டதை உடனே குறிக்க வேண்டும் என்பதுதான் முதலுதவி வகுப்பின் முதல் பாடம். ஏழு வாரமாக மாலை வகுப்புக்குப் போகிறேன். அதைக்கூட நான் கற்கவில்லை.

பிழையைக் கண்டது இன்று காலை, கப்பல் டிக்கெட் ஆபீசுக்குக் கிளம்பும்போது. திருத்தப் பேனாவை எடுத்தேன். கை அப்படியே நின்றது. கொயினா அதிகமானால் காது இரையும் என்று சென்ற வாரம் வகுப்பில் சொன்னார்கள். அப்படியானால் நான் கொடுக்கும் முன்பே ராத்தா கொயினா தின்றிருக்கிறாள். காய்ச்சலோ திங்கள் இரவுதான் வந்தது. காய்ச்சல் இல்லாதவள் எதற்குக் கொயினா தின்ன வேண்டும்?

பக்கத்து வீட்டு ஹாஜரா அக்கா ஆப்பம் சுட்டு விற்பவள். ராத்தாவுக்கு உற்ற தோழி. அவளிடம் போய்க் கேட்டேன்.

"உங்களுக்கு எதுக்குத் தம்பி பொம்பளைங்க சமாச்சாரம்? ஆபீசுக்கு நேரமாகல? போங்க லா."

"நூத்திமூணு டிகிரி இருக்குக்கா. நாடி நூத்திமுப்பது. உடம்பெல்லாம் தூக்கித் தூக்கிப் போடுது."

அவள் சட்டியை இறக்கி வைத்தாள். மாவு தோய்ந்த கையை முக்காட்டிலேயே துடைத்தாள்.

"மூணு மாசம் தம்பி. போன பேறுகாலத்துல ரத்தம் நிக்காம கிடந்தாளே, மறந்துட்டீங்களா? இன்னொண்ணுன்னா எந்திரிக்க மாட்டேன்னு அவளுக்கே தெரியும். கலையட்டும்னு சனிக்கிழமையிலேருந்து கொயினாவா முழுங்குனா. காதுதான் கூவுச்சு, வேற ஒண்ணும் நடக்கல. திங்கக்கிழமை நான்தான் படகுல அக்கரைக்கு, பிறைக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க ஒரு கிழவி இருக்கா. வயித்தை அமுக்குனா, உள்ள என்னத்தையோ வச்சா. நான் வெளியிலதான் நின்னேன். ராத்தா கத்துனது ரோட்டுக்கே கேட்டுச்சு."

ஹாஜரா அக்கா என்னைப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். ராத்தா என்னைத் தூக்கி வளர்த்தவள். இரண்டு நாளாக அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்து, தாளில் கோடு இழுத்து, மலேரியா என்று நானே முடிவு செய்திருந்தேன். அறைக்குள் ஒரு கெட்ட வாடை அடித்தது. அதையும் குறிக்கவில்லை, சாக்கடை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றதும் ராத்தா என் மணிக்கட்டைப் பிடித்தாள். கை நெருப்பாகச் சுட்டது.

"மலேரியான்னே சொல்லு தம்பி. வேற எதுவும் சொல்லாத. போலீஸ் மாத்தா வந்து கோர்ட்டுல நிறுத்துவான். உன் மச்சான் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"சரி" என்றேன். அதனால் காய்ச்சல் தாளைத் திருத்தாமலே சட்டைப்பையில் வைத்தேன்.

சூலியா தெருக் கடையிலிருந்து ராத்தாவின் கணவர், மச்சான் ஹபீப் முகம்மது, ரிக்‌ஷா கொண்டுவந்தார். "என்ன டாக்டர் துரை, உங்க வைத்தியம் பலிக்கலையா?" என்று சிரித்தார். ராத்தாவைத் தூக்கியபோது அவள் முனகியதைக் கேட்டு அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டருக்கு உதவியாளரான டிரெஸ்ஸர் ஜெயராஜ் இருந்தார். எங்கள் வகுப்பை நடத்துபவரும் அவரே. "கமாலு, சார்ட் கொண்டாந்தியா? சபாஷ்" என்று வாங்கிப் படித்தார். "கொயினா. அப்புறம் காது இரைச்சல். ஒழுங்கா எழுதியிருக்க. மலேரியாதான். இரைச்சல் வந்தா மருந்து பிடிச்சிருக்குன்னு அர்த்தம்; ஒரு மாத்திரை பத்தல, இன்னும் ரெண்டு மடங்கு கொடுக்கணும்." கொயினா மருந்துப் புட்டியை எடுத்துக் கண்ணாடி அளவையில் ஊற்றத் தொடங்கினார்.

ராத்தா என்னையே பார்த்தாள். தலையை மெல்ல இடமும் வலமும் அசைத்தாள். மச்சான் அவள் தலைமாட்டில் நின்றார். அளவையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

"சார், ஊத்தாதீங்க. அது தப்பு. நான் எழுதினது தப்பு."

தாளைப் பிடுங்கி அந்த இரண்டு வரிகளையும் அடித்தேன். "ஏழு மணிக்குக் காது. ஒன்பதுக்குத்தான் மாத்திரை. சனிக்கிழமையிலேருந்து கொயினா தின்னுருக்கா. மூணு மாசம். திங்கக்கிழமை பிறையில கலைச்சிருக்கா."

ராத்தா கண்ணை மூடிக்கொண்டாள். ஜெயராஜ் அளவையை மேசையில் வைத்துவிட்டு உள்ளே ஓடினார். மச்சானின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை என்பதே சரி.

வெள்ளைக்கார டாக்டரம்மா மயக்கமருந்து கொடுத்துக் கருப்பையைச் சுத்தம் செய்தார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்து மலாயில் சொன்னதை இங்கே குறிக்கிறேன். உள்ளே கறுத்துப்போன வேர்த்துண்டு ஒன்று கிடந்தது. கருப்பையில் ஓர் இடம் கிழிந்திருக்கிறது. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. இரண்டு நாள் தாண்டினால்தான் எதுவும் சொல்ல முடியும். மருந்து ஊற்றியிருந்தால் அவள் இதயம் தாங்கியிராது. மாத்தாவிடம் சொல்வீர்களா என்று கேட்டேன். முதலில் உயிர் என்றார்.

நேற்று நான் கொடுத்த ஒரு மாத்திரை எவ்வளவு கெடுதல் செய்தது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மச்சான் இன்னும் ஆஸ்பத்திரி நடையில்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கமாலு, அவ." திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த வேர் என்ன வேர், அதோடு குடிக்க எதுவும் கொடுத்தாளா என்று தெரிந்தால் மேற்கொண்டு மருந்து கொடுக்க உதவும் என்கிறார் டாக்டரம்மா. ஹாஜரா அக்காவுக்குத் தெரியவில்லை. ராத்தா இன்னும் கண் திறக்கவில்லை.

நாளை: முதல் படகில் ஹாஜரா அக்காவோடு பிறைக்குப் போக வேண்டும். கிழவியிடம் இரண்டு கேள்விகள்: என்ன வைத்தாள், என்ன குடிக்கக் கொடுத்தாள். பதிலை அங்கேயே நின்று, சொன்ன வரிசையில் எழுத வேண்டும். பத்து மணிக்குள் தாள் டாக்டரம்மா கையில் இருக்க வேண்டும்.