மண்மூட்டைக்குப் பதிலாக வாப்பா

தன் பழைய ஹொண்டா காருக்குக் கொயில்ஓவர் பூட்டிய முதல் வாரம், ஜெஸ்மின் அதை எங்கே நிறுத்தினாலும் நாலடி போய் ஒருதரம் திரும்பிப் பார்ப்பாள். ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒன்றாய்ச் சேர்ந்து வருகிற சாமான் அது. உடம்பில் மரை வெட்டியிருக்கும். திருகினால் காரை ஏற்றலாம், இறக்கலாம். அவள் நன்றாக இறக்கச் சொல்லியிருந்தாள். டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவே இரண்டு விரல் போனால் பெரிய காரியம். பதுங்கிய பூனை மாதிரி நிலத்தோடு ஒட்டி நின்றது கார். துறைமுகத்தில் கப்பல் முகவர் அலுவலகமொன்றில் வேலை பார்ப்பவள், தன் உழைப்பில் தன் ஆசைக்கென்று வாங்கியது.

கிண்ணியா வீட்டில் வாப்பா ஆதம்பாவாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. இழுவைப் படகில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வாட்டசாட்டமான ஆள், முழங்கால்தான் சொல்வழி கேளாது.

“இதுக்குள்ள ஏறுற இல்ல மகள், இறங்குற,” என்றார்.

மூதூரில் தங்கை பஸ்மியாவுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. பேரனைப் பார்க்கப் போகிற வெள்ளிக்கிழமை, வாப்பாவை எப்படியோ பின் சீற்றில் இருத்தி, பக்கத்தில் உம்மா ஸல்ஹாவையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள். முதல் வளைவிலேயே பின் இடச் சில்லில் ‘கர்ர்’ என்று அரைகிற சத்தம். அடுத்த குழியில் இன்னும் பலமாக. ரப்பர் கருகிய மணமும் வந்தது. நிறுத்திப் பார்த்தால் டயரின் ஓரம் சீவுண்டிருந்தது.

வாப்பா உம்மாவின் தோளைப் பிடித்து, மூச்சு வாங்க வெளியே வந்தார். ஏசவில்லை.

“நாங்க பஸ்ஸில போறோம். நீ காரப் பாத்துக் கொண்டுபோ,” என்றார்.

ஏசியிருந்தால் அவளுக்கு ஆறுதலாயிருந்திருக்கும். தனியே திரும்பி ஓட்டி வருகையில் கார் ஒரு சத்தமும் போடவில்லை. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

அடுத்த நாள் உப்புவெளியில் சிந்துஜனின் கராஜுக்குப் போனாள். சாம்பல்தீவுக்காரன், கொயில்ஓவர் பூட்டியதும் அவன்தான். டோர்ச்சோடு காருக்கடியில் கிடந்து பார்த்துவிட்டு எழும்பி வந்தான்.

“பிழை என்ர, அக்கா. வெறுங்காரில அளந்திட்டன். நீங்கள் தனிய ஓடேக்க ஒண்டும் தெரியாது. பின்னுக்கு ஆக்கள் இருந்தா பதியுது.”

“அப்ப ஏத்துவமா?”

“ஓம். எவ்வளவு எண்டு பாக்கப் பாரம் வைக்கவேணும். வாப்பாவின்ர நிறை என்ன? அந்தளவுக்கு மண்மூட்டை அடுக்கிறன்.”

ஜெஸ்மின் உம்மாவுக்குப் போன் எடுத்தாள். உம்மாவுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. “உங்கட நிறையக் கேக்கிறாள். உங்களுக்குப் பதிலா மண்மூட்டை வெக்கப்போறாங்களாம்,” என்று அவள் வாப்பாவிடம் சொல்வது இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. பிறகு வாப்பாவின் குரல் வந்தது.

“என்ட இடத்தில மண்மூட்டையோ? ஒண்டும் வெக்க வேணாம். நான் வாறன்.”

உம்மாவையும் கூட்டிக்கொண்டு முச்சக்கர வண்டியில் வந்தார். கல்யாண வீட்டுக்குப் போகிறவர் போல அயன் பண்ணிய சேர்ட்.

சிந்துஜன் அவர்களைப் பின்னுக்கு இருத்தி, சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்புவரை நாடா பிடித்தான்.

“ஐயா, கொஞ்சம் நடுவுக்கு வாறீங்களோ?”

“நான் எப்பவும் இப்பிடித்தான் இருக்கிற,” என்றார் வாப்பா, இடப்பக்க ஜன்னலில் சாய்ந்தபடி.

“அப்ப அப்பிடியே இருங்கோ. அதுக்குத்தானே அளக்கிறம்.”

அந்தப் பதில் வாப்பாவுக்குப் பிடித்துப்போயிற்று.

பிறகு ஆட்கள் இறக்கம், ஜக்கில் கார் ஏற்றம், சில்லுக் கழற்றல். கொக்கி மூக்கு ஸ்பனரால் பூட்டு வளையத்தை இளக்கி, ஸ்பிரிங்கைத் தாங்கும் அடிப் பிடியைத் திருகி உயர்த்தி, மறுபடி இறுக்கினான். இரு பக்கமும் ஒரே அளவு. ஸ்பிரிங் படிவதற்காக ஒழுங்கையில் ஒரு சுற்று ஓடிவந்து, திரும்ப ஆட்களை ஏற்றினான். போதவில்லை. இன்னொரு தரம். இதற்குள் வாப்பாவுக்கு உள்ளே இருப்புக் கொள்ளவில்லை. அவன் அளக்க முந்தியே இறங்கிவந்து, குனிந்து டயருக்கு மேலே விரல்களை நுழைத்தார்.

“இப்ப நல்லாப் போகுது தம்பி.”

“ஐயா, நீங்கள் இறங்கினா கார் எழும்பும்தானே. ஏறுங்கோ.”

உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வாப்பாவும் சிரித்தபடியே போய் ஏறினார். உம்மாவின் தோளைப் பிடிக்காமல் ஏறினார் என்பதை ஜெஸ்மின் மட்டும்தான் கவனித்தாள்.

முன்பக்கத்தையும் அதற்கேற்ப உயர்த்தி, ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒடித்துப் பார்த்தான் சிந்துஜன். எங்கும் தட்டவில்லை. கிட்ட இருந்த கடையில் சில்லுகளையும் நேர்படுத்தியாயிற்று. ஜெஸ்மின் தள்ளி நின்று காரைப் பார்த்தாள். பூனை எழும்பி நின்றுவிட்டது. மனதில் சின்னதாய் ஒரு குறை. ஆனாலும் அழகு முழுக்கப் போய்விடவில்லை.

“மூதூர் போவமா?” என்றார் வாப்பா உள்ளிருந்து.

“நேத்துத்தானே போய் வந்தீங்க?”

“நேத்து பிள்ள நித்திர.”

வழியெல்லாம் உம்மா காதைத் தீட்டிக்கொண்டே வந்தாள். வளைவுகள் போயின, குழிகள் போயின. சில்லுப் பக்கம் ஒரு முணுமுணுப்பும் இல்லை. பஸ்மியா வீட்டில் பிள்ளை விழித்திருந்தது. ஜெஸ்மின் அதை மடியில் வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கும்போது முற்றத்தில் பேச்சுக் குரல் கேட்டது. வாப்பா மருமகன் இன்பாஸைக் காருக்குப் பக்கத்தில் குந்தவைத்து, வளையம் எது, மரை எது என்று காட்டிக்கொண்டிருந்தார்.

“வெறுங்காரில அளந்தாச் சரிவராது மருமகன்,” என்றார். “ஆள் இருக்கவேணும்.”