ஆத்தாளுக்கு ஊற்றிய கஞ்சி

பித்தளைச் சொம்பு பறந்து வந்தது. பரந்தாமன் குனிந்துகொண்டார். கஞ்சி பாதி அவர் முதுகில் கொட்ட, சொம்பு வாசலைத் தாண்டித் தெருவில் உருண்டது. அம்பத்தூரில் எத்தனையோ முரட்டுக் காளைகளை வழிக்குக் கொண்டுவந்தவர், ஒரு மாதமாகப் பதினான்கு வயது மகளிடம் குனிந்து குனிந்தே பிழைத்து வந்தார்.

தாட்சாயிணி ஏன் சாப்பாட்டை வெறுத்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. வளையல் முழங்கை வரை ஏறியது. பூவிருந்தவல்லி டாக்டரம்மா, "இப்படியே விட்டா பொண்ணு தங்க மாட்டா" என்றாள். வேளாவேளைக்குக் கஞ்சி கொடுக்க வேண்டும், சண்டை போடக் கூடாது, குடித்து முடிக்கும்வரை எதிரிலிருந்து எழுந்திருக்கக் கூடாது. "கோவப்படறது உங்க பொண்ணு இல்ல, அவ நோய்." நோய் என்னவோ நன்றாகத்தான் குறிபார்த்தது. மனைவி வடிவு அழுதே ஓய்ந்துவிட்டதால் உட்காரும் வேலை இவர் தலையில் விழுந்தது.

பக்கத்து வீட்டு வேம்புலியம்மாள் சொம்பை எடுத்துக்கொண்டு வந்தாள். அவிழ்ந்த கூந்தலும் சிவந்த கண்ணுமாகத் தாட்சாயிணி நடுங்கிக்கொண்டிருந்தாள். ஆடி மாதம் வேறு.

"ஆத்தா வந்துட்டா!" வேம்புலியம்மாள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். தெருவே வேப்பிலையோடு வந்து கூடியது. "இன்னா வோணும் தாயீ?"

தாட்சாயிணி ஒரு கணம் விழித்தாள். பிறகு குரலை மாற்றி, "இந்தப் பொண்ணுக்குக் கஞ்சி ஊத்தக் கூடாது. அந்தாளு எதிர்ல குந்தக் கூடாது" என்றாள்.

"கேட்டுகினியா? எயுந்துரு அண்ணாத்தே."

எல்லோரும் அதையே சொன்னார்கள். இன்று எழுந்தால் இனி எந்நாளும் இவள் எதிரில் உட்கார முடியாது என்று பரந்தாமனுக்குத் தெரிந்தது. மகளின் மணிக்கட்டைப் பார்த்தார். உட்கார்ந்தபடியே கும்பிட்டார்.

"தாயீ, ஆடி மாசத்துல வந்துட்டுக் கூழு குடிக்காத போனா ஊருக்கு ஆவாது. கூழு இல்ல, கஞ்சிதான் கீது. குடிச்சிட்டு மலையேறு."

நியாயம்தான் என்று கூட்டம் தலையாட்டியது. வேம்புலியம்மாள் கஞ்சிப் பானையிலிருந்து சொம்பு நிறைய ஊற்றிப் பயபக்தியோடு நீட்டினாள். தாட்சாயிணி அப்பாவை முறைத்தாள்.

"நீ ரொம்ப மோசம் நைனா" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஆத்தா இன்னா சொல்றா?"

"நல்லா இருன்றா" என்றார் பரந்தாமன்.

அவள் குடித்தாள். ஒரு மடக்கு. நிறுத்தி, அழுது, இன்னொரு மடக்கு. பெண்கள் குலவையிட்டார்கள். பரந்தாமனுக்குக் கண் கலங்கிவிட்டது, துடைத்துக்கொள்ளக்கூட அசையவில்லை.

மேலுதட்டில் கஞ்சி வெள்ளையாகப் படிந்திருக்க, தாட்சாயிணி காலிச் சொம்பைக் கையில் தூக்கி எடை பார்த்தாள். பரந்தாமன் தலையை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டார்.