முஹோஜிர் வீட்டுப் பிள்ளை யார்?

வஹ்தத் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு டீச்சர் சனவ்பருக்கு அன்று காலையிலிருந்தே கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அகதிகளைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டும். தலைநகரத்து அகதிகள் உதவி அமைப்பிலிருந்து ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்து பார்க்கப் போகிறாள். பாடம் பெரிய விஷயமில்லை. பரஸ்துதான் விஷயம்.

பரஸ்து எல்லை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஆப்கான் நாட்டிலிருந்து தப்பி வந்த குடும்பத்துப் பெண். வகுப்பில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. தலைமையாசிரியர் சைஃபித்தின் முந்தின நாளே சொல்லிவிட்டார்.

"அந்தப் பொண்ண எழுப்பி நிக்க வைங்க. எப்படித் தப்பிச்சு வந்தாங்கன்னு நாலு வார்த்தை சொல்லட்டும். ரெண்டு சொட்டுக் கண்ணீர் வந்தாலும் நல்லதுதான்."

விருந்தாளிக்கு எந்தக் கோப்பையில் டீ கொடுப்பது என்பது வரை தெரிந்த மனிதர். பிள்ளை மனசு மட்டும் தெரியாது.

பரஸ்துவும் முந்தின நாளே சொல்லியிருந்தாள். "என்னை எழுப்பி நிக்க வெச்சீங்கன்னா நான் அப்புறம் வரவே மாட்டேன் டீச்சர். முன்னாடி படிச்ச பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் நிக்க வெச்சாங்க. அதுக்கப்புறம் எல்லாரும் எனக்கு ரொட்டி குடுத்தாங்க. யாரும் விளையாடக் கூப்பிடல."

"எழுப்ப மாட்டேன்" என்று சனவ்பர் வாக்குக் கொடுத்துவிட்டாள். எப்படிக் காப்பாற்றப் போகிறோம் என்பதுதான் தெரியவில்லை.

பாடம் தொடங்கியது. கரும்பலகையில் 'குரேஸா' என்று எழுதினாள். அகதிக்கு அந்த ஊர்ச் சொல் அதுதான். தப்பி ஓடியவர் என்று அர்த்தம்.

"எங்க ஆடு மாதிரியா டீச்சர்?" என்றான் கமோல். "நேத்துகூடக் கயித்த அறுத்துக்கிட்டு ஓடிருச்சு."

வகுப்பே சிரித்தது. பரஸ்துவின் தலை மேசையைத் தொட்டது.

"உன் ஆடு புல்லுக்கு ஓடுச்சு. இவங்க உயிருக்குப் பயந்து ஓடினவங்க. வாய மூடிட்டு உக்காருடா" என்றாள் சனவ்பர்.

அப்போதுதான் நகரத்துப் பெண்மணி எழுந்தாள். நல்லவள், அதைச் சொல்லத்தான் வேண்டும். குரேஸா என்ற சொல் குத்துகிறது, எங்கள் வழக்கில் முஹோஜிர் என்போம் என்று ஆப்கான் குடும்பங்கள் அவளிடம் சொல்லியிருந்தார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இங்க முஹோஜிர் வீட்டுப் பிள்ளை யாரு? வெக்கப்படாம எழுந்திரு கண்ணு."

சனவ்பரின் பார்வை பரஸ்துவிடம் ஓடியது.

பெஞ்சுகள் கரகரத்தன. முதலில் கமோல் எழுந்தான். அப்புறம் முன்வரிசை, அப்புறம் ஜன்னலோரம். இருபத்தெட்டுப் பேரில் இருபத்தாறு பேர் நின்றார்கள். வஹ்தத்தில் முஹோஜிர் என்றால் ஒரே அர்த்தம்தான்: ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவர்.

"எங்கப்பா மாஸ்கோல. கட்டட வேலை."

"எங்கப்பா சைபீரியால. மீசையில ஐஸ் பிடிக்குமாம்!"

"எங்க வீட்டுல அம்மாவும்தான்!"

"உக்காருங்க, உக்காருங்க! அந்த முஹோஜிர் இல்ல!" என்று கத்தினார் வாசலில் நின்றிருந்த சைஃபித்தின்.

"வேற எந்த முஹோஜிர் சார்?" என்றான் கமோல்.

உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி சைஃபித்தினின் சொந்தப் பேத்தி. இன்னொருத்தி பரஸ்து. இத்தனை பேருமா அகதிகள் என்று அவள் கண்ணை அகல விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் நிக்கிறீங்களே டீச்சர்?" என்றாள் பரஸ்து.

"நான் என்னைக்கு உக்காந்து பாடம் நடத்தினேன்?" என்று சிரித்தாள் சனவ்பர். சிரிப்பு பாதியில் நின்றது. "என் வீட்டுக்காரரும் அங்க வேலைக்குப் போனவர்தான், பரஸ்து கண்ணு. மூணு வருஷமாச்சு."

கமோல் திரும்பினான். "நீ ஏன் எழுந்திருக்கல? உங்கப்பா எங்க?"

"வீட்டுல."

"எப்ப வந்தாரு?"

"எங்க கூடவேதான் ஓடி வந்தாரு. எப்பவும் இருக்காரு. தினமும் என்னைக் கேட் வரைக்கும் கொண்டுவந்து விடுறாரு. வேண்டாம்னாலும் கேக்க மாட்டேங்கிறாரு."

"தினமுமா?"

யாருடைய முகத்திலும் இரக்கம் இல்லை; பச்சைப் பொறாமை. சனவ்பருக்கு அத்தனை பேரையும் சேர்த்து அணைத்துக்கொள்ளத் தோன்றியது.

"உங்கப்பாக்கள் நினைச்சா நவ்ரூஸ் பண்டிகைக்கு வீட்டுக்கு வரலாம். குரேஸாவுக்கு அந்த வழி அடைச்சிருக்கும். இதுதான்டா பாடம்" என்றாள்.

"ஆமா" என்றாள் பரஸ்து, யாரும் எழுப்பாமலே எழுந்து நின்று. "எங்க வீடு அங்கயே நிக்குது. நாங்க போக முடியாது."

மறுநாள் மணி அடிக்கும் முன்பே சனவ்பர் கேட்டுக்குப் போனாள். பரஸ்து வருவாளா மாட்டாளா என்ற கவலை. அவளுக்கு முன்னாலேயே கமோலும் பாதி வகுப்பும் அங்கே நின்றிருந்தார்கள்.

தெருமுனையில் பரஸ்து தெரிந்தாள். பக்கத்தில் அவளுடைய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒல்லியாக ஒரு மனிதர்.

"அஸ்ஸலோம் மாமா!" என்று பிள்ளைகள் கோரஸாகக் கத்தினார்கள்.

அவர் திகைத்துப்போய் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். "என்னம்மா, எதுக்கு என்னை இப்படிப் பாக்குறாங்க?"

"ஒண்ணுமில்லப்பா. நீங்க என்னைக் கொண்டுவந்து விடுறதப் பாக்க வந்திருக்காங்க. உடனே போயிடாதீங்க."

அவர் பையைக் கழற்றி மகளின் தோளில் மாட்டி, பட்டையைச் சரிசெய்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கமோல் ஓரடி முன்னால் வந்தான்.

"மாமா, நாளைக்கும் வருவீங்களா?"