பாடையில்லாத பாட்டு

என் தம்பி யோகேஸ்வரன் வாசிப்பது சங்கீதம் என்று யாராவது சொன்னால் நான் இன்றைக்கும் சண்டைக்கு நிற்பேன். ஹட்டன் டவுனில் என் தையல் கடைப் பின்னறையில்தான் அவனுடைய பாட்டு செட் ஒத்திகை பார்க்கும். அவன் கிட்டார், யாழ்ப்பாணத்து வாத்தியார் மகன் லக்ஸ்மன் ட்ரம், எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சின்னராசா பாட்டு. டெத் மெட்டலாம், சாவைப் பற்றியே பாடுகிற பாட்டாம். என் மெஷின் ஓடுவதைவிட வேகமாக அடிப்பார்கள், திடீரென்று நிறுத்துவார்கள், கணக்குத் தப்பினால் ஒருத்தரையொருத்தர் திட்டிக்கொண்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். சின்னராசா அடிவயிற்றிலிருந்து உறுமுவான். பிளவுஸ் தைக்க வந்த பெண்கள் அளவு கொடுக்காமலே ஓடியிருக்கிறார்கள்.

இரண்டாயிரத்து மூன்றில் 'குழி' என்று ஒரு பாட்டைப் பதிவு செய்தார்கள். தேயிலைக்கு நடுவே புதைத்த பிணம் எழுந்து, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போய் வரிசையில் நிற்கிற பாட்டு. எப்படியோ கொழும்பில் அது பரவிவிட்டது. அங்கே இந்தக் கூத்துகளை நடத்துகிற ஒரு சிங்களப் பொடியன் போனில் கூப்பிட்டு, இன்னொரு பாட்டு இதேபோல வந்தால் ஏப்ரலில் பெரிய மேடை தருகிறேன் என்றான். யோகேஸ்வரன் அன்றிலிருந்து தரையில் நடக்கவில்லை. அவனுக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது அந்த ஒரு மேடைதான். கறுப்புத் துணி வாங்கிவந்து என்னிடம் மூன்று சட்டைகள் தைக்கச் சொன்னான்.

புதுப் பாட்டின் பேர் 'பாடை'. மாசிக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். மாசியில் தோட்டத்தில் காமன் கூத்து என்பதை என் தம்பி மகாராசா மறந்துவிட்டான். சின்னராசா காப்புக் கட்டி, காமன் வேஷத்துக்கு விரதம் இருந்தான். அவன் மனைவி பிரியந்திக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்காமல் போய், மூன்றாவது தங்கியிருந்தது. அதற்காக நேர்ந்த காப்பு. காப்புக் கட்டினவன் இழவு வீட்டுப் பக்கம் தலைவைக்க மாட்டான், அந்தப் பேச்சையே எடுக்க மாட்டான்.

"பாட வர்றேன்டா. பாடை, பிணம்னு மட்டும் வாயால சொல்ல மாட்டேன்" என்றான் சின்னராசா.

"சாவு எண்டு சொல்லாம என்னண்டடா டெத் மெட்டல்?" என்றான் லக்ஸ்மன்.

யோகேஸ்வரனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "கூத்துல சிவன் எரிச்சு நீ சாம்பலாப் போறியே, அது மட்டும் சாவு இல்லையா?"

"அது சாமி காரியம். ரதி அழுதா நான் எந்திரிச்சு வந்துருவேன். இது அப்படியா?"

கடைசியில் யோகேஸ்வரன்தான் வழி கண்டுபிடித்தான். "நீ உறுமுறதுல என்ன சொல்றேன்னு எவனுக்குடா வெளங்குது? என்னத்தையாவது வச்சுப் பாடித் தொலை."

சின்னராசா பாடைக்குப் பதில் பல்லக்கு வைத்தான். பிணத்துக்குப் பதில் மாப்பிள்ளை. சுடுகாட்டுக்குப் போன ஊர்வலம் ரதி வீட்டுக்குப் போனது. பகலில் வந்து, கையில் மஞ்சள் காப்போடு பின்னறையில் நின்று பாடினான். கிட்டார் கணக்குத் தப்பவில்லை, ட்ரம் தப்பவில்லை. நான் பட்டன் தைத்துக்கொண்டே கேட்டேன். அட பாவி, முகூர்த்த வீட்டில் பாய் விரிக்கிறவன் மாதிரி அல்லவா உறுமுகிறான் என்று எனக்கே தோன்றியது. அடுத்த பட்டனை எடுத்தேன். என் பேச்சை எப்போது கேட்டார்கள்?

கொழும்புக்காரன் கேட்டுவிட்டுப் போன் செய்தான். அவனுக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது. அவன் சிங்களத்தில் சொன்னதை யோகேஸ்வரன் எங்களுக்குத் தமிழில் சொன்னான்: "பாடுறவன் எதையோ கீழ போட்டு ஒடைச்சிருவோமோன்னு பயந்து பயந்து தூக்கிட்டுப் போற மாதிரி இருக்காம். முதல் பாட்டுல கால்வாசி கூட இல்லையாம்." மேடை கண்டிக்காரர்களுக்குப் போய்விட்டது. டவுனில் பாட்டு சீடியை வாங்கிக் கேட்ட பிள்ளைகளும் அதைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

யோகேஸ்வரன் சின்னராசாவோடு பேச்சை நிறுத்தினான். "என் வாழ்க்கைய ஒரு மஞ்சக் கயித்துல கட்டிக் கெடுத்துட்டான்" என்று என் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். கறுப்புச் சட்டைகள் அலமாரியில் மடிப்புக் கலையாமல் கிடந்தன.

ஆடியில் பிரியந்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. வர மாட்டேன் என்று அடம்பிடித்த தம்பியை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். கட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, உள்ளங்கை அகலத்துக்குத்தான் முகம். சின்னராசா இவனைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"மன்னிச்சுக்கடா. காப்பு அவுத்தாச்சு. இப்ப வா, திரும்பப் பதிவு பண்ணுவோம். நூறு தரம் வேணும்னாலும் சொல்றேன். பா..."

யோகேஸ்வரன் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினான்.

"புள்ளை பக்கத்துல என்னடா பேசுற, மூதேவி" என்றான். கையை எடுக்கவேயில்லை. நான் குழந்தையின் போர்வையைச் சரிசெய்தேன்.